காய்ச்சல் முதுகுவலி ஆன கதை

அன்று மதியம் அந்த முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு அறையில் இருந்தவர்கள்: எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் மேலாளர், மாத்திரை வண்டியைக் கூடவே உருட்டிக்கொண்டு வந்த நர்ஸ், ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்த சமையல்காரி, கடைசி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த ஆம்புலன்ஸ் டிரைவர், பராமரிப்பு ஆட்களில் ‘தூண்’ என்று பட்டப்பெயர் வாங்கியவன், ‘லீவுக்காரி’ என்று பட்டப்பெயர் வாங்கியவள், சுவரில் படம் காட்டும் கருவியோடு வந்திருந்த ஆராய்ச்சிக்காரி. தனியாக விட்டால் நாற்காலியிலிருந்து சரிந்துவிடுவார் என்பதால் டீச்சரம்மாவையும் சக்கர நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். அவரை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

“யாராவது இருக்கீங்களா?” என்றார் டீச்சரம்மா.

“இத்தனை பேர் இருக்கோம், கண்ணு தெரியலையா?” என்றாள் சமையல்காரி. கண் நன்றாகத்தான் தெரியும். அந்த ஒரு கேள்வியைத் தவிர மற்ற வார்த்தைகளெல்லாம்தான் டீச்சரம்மாவிடமிருந்து ஒவ்வொன்றாகப் போய்விட்டன. விழித்திருக்கும் நேரமெல்லாம், மூச்சு விடுகிற மாதிரி, அதையே கேட்பார். பதில் சொன்னாலும் கேட்பார், சொல்லாவிட்டாலும் கேட்பார். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு வரை எட்டிய குரல். அந்தக் குரலுக்கு மட்டும் வயதாகவில்லை.

தூண் சுவரோரமாக நின்றான். உட்கார்ந்தால் அவசரத்துக்கு எழுந்திருக்க முடியாது என்று எப்போதும் நின்றுகொண்டே இருப்பவன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மட்டம் போட்டதில்லை. பல்வலியோடு வந்தான், அப்பா காரியத்தை முடித்துவிட்டு மொட்டைத் தலையோடு வந்தான். சென்ற மாதம்தான் முதல்முறையாகக் காய்ச்சல் என்று சில நாள் வீட்டில் இருந்தான். அதற்கே நர்ஸ் போன் பண்ணி விசாரித்தாள். லீவுக்காரி கதை வேறு. பிள்ளைக்கு அம்மை, மாமியாருக்கு மூச்சுத்திணறல், தனக்கு ஒற்றைத் தலைவலி என்று உள்ளதைச் சொல்லி லீவு எடுப்பாள். உள்ளதைச் சொன்னதால்தான் பட்டப்பெயர் வந்தது.

அந்த இல்லத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. லீவு போடுகிறவர் மேடத்துக்குச் சொல்வதற்கு முன்னால் தன் ஜோடிக்குச் சொல்லிவிட வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் தூக்கவும் புரட்டவும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வராவிட்டால் பதில் ஆள் கிடையாது, இருக்கிறவர் தனியாகத் தூக்க வேண்டும். ஆகவே எந்த முதுகின்மேல் தன் பாரத்தை ஏற்றப்போகிறோமோ அந்த முதுகிடமே அனுமதி கேட்பது மரியாதை. தூணின் ஜோடி லீவுக்காரிதான். போன மாதம் ஒரு காலையில் அவளைக் கூப்பிட்டு, “காய்ச்சலும்மா,” என்றான்.

“படுங்கண்ணே, நான் பாத்துக்கறேன். தூணுக்கே காய்ச்சல்னா கட்டடம் ரெண்டு நாள் ஆடட்டும்,” என்று சிரித்தாள்.

அந்த இரண்டாம் நாள் டீச்சரம்மாவைத் தனியாகத் தூக்கியபோது அவளுடைய முதுகு பிடித்துக்கொண்டது. அவன் வேலைக்குத் திரும்பிய அன்று அவள் லீவில் போனாள். “வந்துட்டாரா அண்ணன்? அப்ப நம்ம மகாராணி படுத்துக்கலாம்,” என்று சமையல்காரி சொன்னாள். தூணும் அதற்குச் சிரித்தான். இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு அவள் திரும்பி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ஆராய்ச்சிக்காரி சுவரில் வண்ணக் கட்டங்களைக் காட்டினாள். நோயாளிகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்கிறவர்களின் மனஉளைச்சல், உடல்நலம், அவர்கள் எடுக்கும் நோய் விடுப்பு, இவைதான் அவளுடைய ஆராய்ச்சி. இந்த மாதிரிப் பல இல்லங்களில் ஆட்களைத் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசியிருந்தாள். உடம்பு முடியாமலே வேலைக்கு வருகிறவர்கள் அதிகம் என்றாள். மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம்தான் முக்கியக் காரணம் என்றாள்.

“இதைக் கண்டுபிடிக்கவா இவ்வளவு படிச்சீங்க? அடுப்படிக்கு வந்திருந்தா வெங்காயம் உரிக்கிற நேரத்துல நானே சொல்லியிருப்பேன்,” என்றாள் சமையல்காரி.

“அப்ப கட்டம் யாரு போடறது? நீயா?” என்றான் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். ஆராய்ச்சிக்காரியும் சிரித்தாள். இங்கே வேலை செய்கிறவர்கள் சொன்னதில் சிலவற்றை அவர்கள் வார்த்தையிலேயே காட்டுவதாகவும், யார் சொன்னது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்றும் சொல்லிவிட்டு அடுத்த படத்தைத் தட்டினாள். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்காக அதை உரக்க வாசித்தாள்.

“‘ஒரு நாள் கை ஓங்கிவிட்டேன். அடி அவர்மேல் விழவில்லை. தலைக்குப் பக்கத்தில் தலையணையில் விழுந்தது. மறுநாள் முதுகுவலி என்று பொய் சொல்லி லீவு போட்டேன். திரும்ப அந்த அறைக்குப் போனால் தலையணையோடு நிற்காது என்று பயமாக இருந்தது.’”

“யாராவது இருக்கீங்களா?” என்றார் டீச்சரம்மா.

தூணுக்குக் காது இரண்டும் சுட்டது. அவன் சொன்னதுதான். சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, டயப்பர் மூட்டைமேல் உட்கார்ந்து, ஆராய்ச்சிக்காரியிடம் மட்டும் சொன்னது. அவள் அப்போது தலையைக்கூட ஆட்டாமல் கேட்டாள். அந்த அக்கறையில்தான் வாய் திறந்துவிட்டது. ஒவ்வொரு வார்த்தையும் அவனுடையது. ஒன்றைத் தவிர. அவன் முதுகுவலி என்று சொல்லவில்லை. காய்ச்சல் என்றுதான் சொன்னான்.

நிமிர்ந்து பார்த்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. முதலில் டீச்சரம்மாவைப் பார்த்தார்கள். பிறகு, ஒருவர் பின் ஒருவராக, இடுப்பில் பட்டை கட்டியிருந்தவளைப் பார்த்தார்கள்.

லீவுக்காரிக்கு முதலில் புரியவில்லை. “என்ன?” என்றாள். “என் மூஞ்சியில என்ன ஒட்டியிருக்கு?” பிறகு சுவரை இன்னொரு முறை படித்தாள். அவள் கை தானாக இடுப்புப் பட்டைக்குப் போனது.

மேடம் எழுந்து விளக்கைப் போட்டார். கூட்டம் முடிந்தது.

ஆராய்ச்சிக்காரி வாசலில் கார் டிக்கியில் சாமானை ஏற்றிக்கொண்டிருந்தாள். தூண் ஒரு பெட்டியைத் தூக்கிக் கொடுக்கும் சாக்கில் பக்கத்தில் போனான்.

“நான் காய்ச்சல்னுதானே சொன்னேன்?”

“ஆமா.” குரலைத் தாழ்த்தினாள். “அதனாலதான் மாத்தினேன். காய்ச்சல்னு போட்டா நீங்கதான்னு தெரிஞ்சிடும் இல்லையா? ஆள் தெரியக் கூடாதுன்னா இப்படிச் சின்னச் சின்னதா மாத்துவோம். உங்களுக்காகத்தான்.”

“இங்க முதுகுவலின்னு போனவ ஒருத்திதான்.”

டிக்கிக் கதவைப் பிடித்திருந்த அவள் கை அப்படியே நின்றது. விளையாட்டில் தோற்ற பிள்ளைபோல முகம் கோணியது. “இந்த வேலையில எல்லாருக்கும் முதுகுவலிதானே… அதனாலதான் அதைப் போட்டேன்…” என்று இழுத்தாள். “நான் உள்ள போய், அது அவங்க இல்லைன்னு சொல்லலாம். ஆனா அவங்க இல்லைன்னா மிச்சம் இருக்கறது யாருன்னு ஆயிடும். உங்க அனுமதி இல்லாம நான் வாயைத் திறக்க முடியாது. வாக்கு கொடுத்திருக்கேன். என்ன செய்யட்டும்? நீங்க சொல்லுங்க.”

ஒரே வார்த்தை போதும். அவன் கார் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, “நான் பாத்துக்கறேன்,” என்றான். அவள் நிம்மதியாக மூச்சுவிட்டது அவனுக்குக் கேட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதற்கு நடுவில் ஒரு கார் கிளம்பிப் போனது.

சாயங்காலம் மேடம் ஒவ்வொருவராகத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தூணைக் கடைசியாகக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவன் உட்கார்ந்தான். இன்றைக்கு நிற்க முடியும் என்று தோன்றவில்லை.

“உங்களைக் கேக்கவே சங்கடமா இருக்கு. நீங்க எப்படின்னு எனக்குத் தெரியும். டீச்சரம்மா பொண்ணு காதுல இது விழுந்துச்சுன்னா நாளைக்கே அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடும், போற வழியில ஊரெல்லாம் சொல்லிட்டுப் போகும். உங்க ஜோடி இல்லைன்னு சத்தியம் பண்றா. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவளுக்குக் கோபம் வருமா?”

‘மேடம், அது நான்.’ வாக்கியம் தயாராக இருந்தது. படியேறி வரும்போது இரண்டு முறை சொல்லிப் பார்த்திருந்தான். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நீங்க எப்படின்னு எனக்குத் தெரியும் என்று அவர் சொன்னாரே, அது தொண்டையில் வெதுவெதுப்பாக இறங்கியிருந்தது. அதைத் துப்ப மனம் வரவில்லை.

“கொஞ்சம் கோபக்காரிதான் மேடம்,” என்றான். “ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டா.”

இரண்டாவது வாக்கியம் கத்தியால் குத்திவிட்டு ஒட்டிய பிளாஸ்திரி. மேடம் முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். அவன் எதிர்பார்த்ததும் அதுதான். வெளியே வந்ததும் திருடனைப்போல இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு படி இறங்கினான். அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. நிம்மதி. அதை நினைத்துத்தான் பின்னால் அவனுக்கு அதிகம் கூசியது.

விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லி லீவுக்காரியை அனுப்பினார்கள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் சமையலறை வழியாக வந்தாள். சமையல்காரி கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், டிரைவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நல்லா கேட்டுக்கங்க,” என்றாள். “எனக்கு அடிக்கணும்னு தோணியிருந்தா தலையணையை எதுக்கு அடிக்கிறேன்? உங்க எல்லாரையும்ல வரிசையா நிக்கவெச்சு அடிச்சிருப்பேன்.”

டிரைவருக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாற்றிக்கொண்டான். அவள் தூணைப் பார்த்தாள். “அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. இத்தனை காலம் கூடவே நின்னீங்களே. என் கை அவங்க மேல படுமா?”

“எல்லாம் சரியாயிடும்மா,” என்றான் தூண்.

அவன் சொன்னது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து நடந்து போனாள்.

அதற்குப் பிறகு டீச்சரம்மாவை அவன் தனியாகத் தூக்கினான், தனியாகக் குளிப்பாட்டினான். “யாராவது இருக்கீங்களா?” என்று கேட்கும்போதெல்லாம் “இருக்கேன் டீச்சரம்மா,” என்றான். முன்பெல்லாம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்னால் பெரிது. இப்போது ஒவ்வொன்றுக்கும் சொன்னான். பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டான். டீச்சரம்மாவுக்கு அதெல்லாம் ஒன்றும் இல்லை. அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

தலையணையை அடித்த நாளிலும் இப்படித்தான் பிடித்திருந்தார். மெத்தையை மாற்றி, உடம்பைத் துடைத்து, துணி போட்டு முடித்த நிமிஷத்தில் மறுபடி எல்லாம் நனைந்தது. சட்டையையும் விடவில்லை, கேள்வியையும் விடவில்லை. அப்போதுதான் கை மேலே போனது. எப்படிப் போனது என்று கேட்டால் தெரியாது. கீழே வரும்போது மட்டும் தெரிந்தது. தலையணை பொத்தென்று அமுங்கியது. டீச்சரம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், பிறகு மெதுவாக ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். அந்த ஒரு கண்ணைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தான். மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. அவள் ஒன்றும் கேட்காமல் போர்வையை இழுத்து விட்டாள்.

இந்த முறை அவளே பேச்சை எடுத்தாள். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, “அந்தப் பொண்ணுகூட வேலை செஞ்சதுல உங்களுக்கு என்ன குறை? அவளைப் பத்தி ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னா பல்லு கொட்டிடுமா?” என்றாள். இல்லத்துப் பேச்சு அவன் வீடுவரை வந்துவிட்டது.

மறுநாள் வேலைக்குப் போனதும் நேராக மேடத்தின் அறைக்குப் போனான். இந்த முறை நின்றுகொண்டே சொன்னான். எல்லாவற்றையும். காய்ச்சலை, தலையணையை, கோபக்காரி என்று சொன்னதை.

மேடம் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். “இதை வேற யார்கிட்ட சொன்னீங்க?”

“யார்கிட்டயும் இல்லை.”

“நல்லது.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். “ஏற்கெனவே ஒரு ஆள் குறைவு. உங்களையும் வீட்டுக்கு அனுப்பிட்டா அங்க யார் தூக்கறது? நானா? அவளை வரச் சொல்லிடறேன். விசாரிச்சோம், ஒண்ணும் இல்லைன்னு முடிச்சுடலாம். நீங்க டீச்சரம்மா அறைக்கு இனிமே போக வேண்டாம். கீழ்த்தளம் பாருங்க. வெளிய மூச்சு விடாதீங்க.”

அவ்வளவுதான். அவள் செய்யாததற்கு வீட்டுக்குப் போனாள். அவன் செய்ததற்கு ஒரு மாடி கீழே போனான். அது நியாயம் இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் இருந்தது. “சரிங்க மேடம்,” என்றான்.

வேலை முடிந்ததும் லீவுக்காரியின் வீட்டுக்குப் போனான். அடுக்குக் குடியிருப்பில் மேல்மாடி. கதவைத் தட்டினான்.

“சும்மாதான் சாத்தியிருக்கு, தள்ளிட்டு வாங்கக்கா,” என்று உள்ளிருந்து குரல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி என்று நினைத்திருக்கிறாள். தள்ளினான். தரையில் மெல்லிய மெத்தைமேல் மல்லாந்து படுத்திருந்தாள், முழங்காலுக்கு அடியில் சுருட்டிய போர்வை. அவனைத் தலைகீழாகப் பார்த்தாள்.

“அது நான்மா,” என்றான், செருப்போடு வாசல்படிக்கு உள்ளே நின்றபடி. உட்காரச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்து வந்தான். அவள் உட்காரச் சொல்லவே இல்லை.

“தெரியும்.”

“மேடம் சொன்னாங்களா?”

“அவங்க எங்க சொன்னாங்க? மத்தியானம் போன் பண்ணி, ‘உன் மேல தப்பு இல்லை, திங்கக்கிழமை வந்துடு’ன்னாங்க. ‘அப்ப யாரு மேடம்’னு கேட்டேன். ‘அதை விடும்மா’ன்னாங்க. ‘விடு’ன்னு சொல்லிப் பொத்திப் பொத்திக் காப்பாத்தற மாதிரி அங்க வேற யாரு இருக்கா? டிரைவரா? அவன்னா இந்நேரம் கேட்டுக்கு வெளிய நிப்பான்.” கூரையைப் பார்த்துப் பேசினாள். “அது தெரிஞ்சது இன்னைக்கு. கோபக்காரின்னு நீங்க சொன்னது அன்னைக்கே தெரியும். ‘நான் சொல்லலைம்மா, உங்க தூணே சொல்றாரு’ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. தெரிஞ்சுதான் சமையலறையில உங்களைக் கேட்டேன்.”

அவன் பின்னால் நகர்ந்து கதவில் சாய்ந்தான்.

“தலையணையை அடிச்சது எனக்குப் பெருசா தெரியலை,” என்றாள். “அந்த அறையில ஒரு நாள் முழுக்க இருந்தவங்களுக்குத் தெரியும். என்கிட்ட சொல்லியிருந்தா, போய்ப் படுங்க, காய்ச்சல்னே சொல்லிக்கலாம்னு நானே சொல்லியிருப்பேன். கோபக்காரின்னு சொன்னீங்க பாருங்க. அது தலையணைமேல விழலை, என்மேலதான் விழுந்துச்சு.”

“தப்புதான்மா. பயந்துட்டேன். திங்கக்கிழமை சாப்பாட்டு அறையில எல்லார் முன்னாடியும் நானே சொல்லிடறேன்.”

“சொல்லுவீங்களா?”

சமையல்காரியின் முகம், டிரைவரின் முகம், வாசலில் டீச்சரம்மாவின் மகள் நிற்கும் நிற்பு எல்லாம் அவன் கண்முன் வந்து போயின. “சொல்றேன்,” என்றான்.

“யோசிச்சீங்க,” என்றாள் அவள்.

“இல்லைம்மா, நிஜமா…”

“யோசிச்சீங்க. நான் பாத்தேன். படுத்துக்கிட்டுப் பாத்தாலும் மூஞ்சி மூஞ்சிதான்.” மூச்சை இழுத்துப் பிடித்து, வலி அடங்கியதும் பேசினாள். “இப்ப எதுக்கு வந்தீங்க? இறக்கிவெக்கவா? என் முதுகுல ஏற்கெனவே இடம் இல்லை. வேற ஆளைப் பாருங்க.”

“வேலைக்கு வருவே இல்ல?”

“வராம? புருஷன் சம்பளத்துல இந்த மாத்திரைக்கே பத்தாது. வருவேன். உங்ககூட நின்னு அந்தம்மாவைத் தூக்கவும் தூக்குவேன். உங்களைக் கீழ்த்தளத்துக்குப் போட்டாச்சுன்னா இன்னும் நல்லது.” அவன் முகத்தைப் பார்த்தவள் கசப்பாகச் சிரித்தாள். “போட்டாச்சா? அதானே. கிளம்புங்க. அவர் வர்ற நேரம். நீங்க வந்ததைப் பாத்தா, பாவம், விசாரிக்க வந்திருக்காருன்னு உபசாரம் பண்ணுவாரு. எனக்கு அதைப் பாக்கச் சகிக்காது.”

“கதவை நானே சாத்திட்டுப் போறேன். நீ எழுந்திருக்காதே.”

“வேண்டாம்.”

ஒருக்களித்துப் புரண்டாள். முழங்கையை ஊன்றி, காலை மடக்கி, இல்லத்தில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்த முறைப்படியே எழத் தொடங்கினாள். பாதியில் நின்றுவிட்டது. அவன் யோசிக்காமல் குனிந்து, ஒரு கையை அக்குளுக்கும் ஒரு கையை முட்டிக்கும் கொண்டுபோனான். தூக்கியே பழகிய கைகள்.

“தொடாதீங்க.”

கைகள் காற்றில் நின்றன. எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான். அவள் சுவரைப் பிடித்து, நகம் சுண்ணாம்பில் கீற, தானாக நிமிர்ந்தாள். நெற்றி முழுக்க வேர்வை. அவன் வெளியே வந்தான். வராந்தாவில் நின்று திரும்பி, ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தான். பாத்துப் போங்க என்றாவது. திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கதவு சாத்தியது. தாழ்ப்பாள் கதவின் உச்சியில் இருந்திருக்க வேண்டும். கையைத் தூக்கும்போது பல்லைக் கடித்து அவள் விட்ட முனகல் வெளியே கேட்டது. ஒரு முறை எட்டவில்லை. மறுபடி முனகினாள். தாழ்ப்பாள் விழுந்தது. அதற்குக் கீழே சாவியும் திரும்பியது.